சர்க்கரைப் புண்: விரலை எடுக்கும் முன் ரத்த ஓட்டத்தை அளந்தார்களா?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 64 வயது, 18 வருடமாகச் சர்க்கரை. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றியதில் சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் வந்து புண்ணாகிவிட்டது. இரண்டு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். ஆன்டிபயாட்டிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. புண் ஆறவில்லை, விரல் நுனி கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு டாக்டர் விரலை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் காலுக்கு ஆஞ்சியோகிராம் பார்க்கச் சொல்கிறார். ஆஞ்சியோ செய்தால் கிட்னி போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தால் புண் நிஜமாகவே ஆறுமா?"

ஆறும், பெரும்பாலானவர்களுக்கு. ஆனால் வரிசை முக்கியம். சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, பாதம் வீங்கிச் சிவக்கவில்லை என்றால் விரலை எடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் அந்தக் காலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். கத்தி அதற்குப் பிறகுதான். ரத்தம் வராத இடத்தில் விரலை எடுத்தால் எடுத்த இடமே புதுப் புண்ணாக நிற்கும். அது ஆறாமல் பக்கத்து விரல், அப்புறம் பாதத்தின் முன்பகுதி, அப்புறம் முழங்காலுக்குக் கீழே என்று ஏறிக்கொண்டே போகும். எங்களிடம் கடைசி நேரத்தில் வரும் பலரின் கதை இந்த வரிசையில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சர்க்கரை நோயாளியின் காலில் புண் வருவதற்கும் ஆறாமல் போவதற்கும் மூன்று காரணங்கள் உண்டு. நரம்பு மரத்துப்போவது, கிருமி, ரத்த ஓட்டக் குறைவு. மரத்துப்போன காலுக்குக் கொதிக்கும் கல் சுடாது, செருப்புக்குள் கிடக்கும் சரளைக்கல் உறுத்தாது. அப்படித்தான் புண் தொடங்குகிறது. கிருமி அதை ஆழமாக்குகிறது. இந்த இரண்டைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறோம், கட்டுப் போடுகிறோம், மாத்திரை கொடுக்கிறோம். மூன்றாவதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. ஐரோப்பாவில் 14 மையங்களில் பாதப் புண்ணோடு வந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த யூரோடயல் ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காலின் ரத்தக் குழாயிலும் அடைப்பு இருந்தது.

புண்ணில்லாத தோலை உயிரோடு வைத்திருக்கக் கொஞ்சம் ரத்தம் போதும். புண்ணை ஆற்றுவதற்குப் பல மடங்கு வேண்டும். அதனால்தான் அப்பாவின் கால் இத்தனை வருடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒரு கொப்புளம் வந்ததும் தள்ளாடுகிறது. விரல் நுனி என்பது கடைமடை வயல் மாதிரி. மேலே வாய்க்கால் தூர்ந்திருந்தால் வயலில் எவ்வளவு உரம் போட்டாலும் பயிர் வராது. நீங்கள் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கும் ரத்தம் வழியாகத்தான் புண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சர்க்கரை நோயில் அடைப்பு விழும் இடம் கொஞ்சம் வித்தியாசமானது. புகைபிடிப்பவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் உள்ள பெரிய குழாய்கள் அதிகம் அடைபடும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே ஓடும் மூன்று மெல்லிய தமனிகளில்தான் பிரச்சினை. முன்பக்கம் ஒன்று, உள்கணுக்காலின் பின்னால் இறங்குவது ஒன்று, நடுவில் வெளிப்பக்கமாக ஒன்று. ஒவ்வொன்றும் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் பலருக்குப் பாதத்துக்குள் இருக்கும் குழாய்கள் ஓரளவு நன்றாகவே தப்பியிருக்கும். இந்த விஷயம் தெரியாததால் பல வருடங்கள் வீணாயின. 1959இல் வந்த ஓர் ஆய்வை வைத்து, "சர்க்கரை நோயில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழாய்கள் அடைபடுகின்றன, அதற்கு எதுவும் செய்ய முடியாது" என்று மருத்துவ உலகமே நம்பியது. 1984இல் லோஜெர்ஃபோ, காஃப்மன் என்ற இருவர் அது தவறு, அடைப்பு திறக்கக்கூடிய தமனிகளில்தான் இருக்கிறது என்று விளக்கி எழுதினார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றும் வேலை சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். "சின்னக் குழாய் எல்லாம் போயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று இன்றும் யாராவது ஆஞ்சியோ பார்க்காமலேயே சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சரி, ரத்த ஓட்டம் குறைவதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியாதா? கஷ்டம். சாதாரணமாக அடைப்பு உள்ளவருக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், ராத்திரி படுத்தால் கால் வலிக்கும். சர்க்கரை நோயாளிக்கு நரம்பு மரத்திருப்பதால் அந்த வலியே தெரியாது. "அப்பாவுக்கு வலியே இல்லை டாக்டர், அதனால் பயப்படவில்லை" என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். கால் சில்லென்று இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தானியங்கி நரம்புகளும் கெட்டுப்போவதால் ரத்தம் திசுவுக்குள் போகாமல் குறுக்கு வழியில் சிரைக்குத் திரும்பிவிடும். அதனால் கால் வெதுவெதுப்பாகவே இருக்கலாம். காலைத் தொங்கவிட்டால் பாதம் செக்கச்செவேலென்று இருப்பதைப் பார்த்து "ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது" என்று நினைத்துவிடுவார்கள். அதே காலை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்தால் பாதம் வெளுத்து மெழுகு நிறமாகிவிடும். தொங்கும்போது வரும் சிவப்பு ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை, பட்டினி கிடக்கும் பாதத்தின் அடையாளம்.

டாக்டர் முதலில் செய்ய வேண்டியது கையால் நாடி பார்ப்பது. பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக மேலே வந்தால் ஒரு துடிப்பு. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் பேனா போன்ற கையடக்க டாப்லர் கருவியில் கொஞ்சம் ஜெல் தடவி அதே இடங்களில் வைத்துக் கேட்பார்கள். நல்ல தமனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று அசைவாகச் சத்தம் வரும், சாட்டை சொடுக்கியது போல் கூர்மையாகத் தொடங்கும். மேலே அடைப்பு இருந்தால் அந்தக் கூர்மை போய், காற்று வீசுவது போல் ஒரே இழுப்பாக, மந்தமாகக் கேட்கும். உங்கள் ரிப்போர்ட்டில் 'மோனோபேசிக்' என்று எழுதியிருந்தால் அர்த்தம் இதுதான்.

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் ஏ.பி.ஐ. சோதனை எல்லா இடத்திலும் செய்கிறார்கள். 0.9க்குக் கீழே என்றால் அடைப்பு உண்டு. ஆனால் 1.0, 1.2 என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நாள்பட்ட சர்க்கரையில், முக்கியமாகக் கிட்னி பாதிப்பும் சேர்ந்தால், தமனியின் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குழாய் நசுங்காது. கருவி அதை நல்ல அழுத்தம் என்று காட்டும். 1.3, 1.4ஐத் தாண்டினால் அந்த எண்ணையே நம்பக் கூடாது. கால் விரலில் உள்ள குழாய்கள் இப்படி விறைப்பது குறைவு. எனவே பெருவிரலில் சின்னப் பட்டை கட்டி அளக்கும் விரல் அழுத்தம்தான் நம்பகமானது. அது 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தாலோ, கணுக்கால் அழுத்தம் 50க்குக் கீழே இருந்தாலோ உடனே ரத்தக் குழாய்களைப் படமெடுத்துப் பார்த்து வழி செய்ய வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவும் ரத்தக் குழாய் அறுவை மருத்துவர்களின் சங்கங்களும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எண்கள் அவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும், நல்ல சிகிச்சை கொடுத்தும் 4 முதல் 6 வாரத்தில் புண் ஆறுகிற திசையில் போகவில்லை என்றால் அப்போதும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது, நுனி கறுத்தும்விட்டது. இனி காத்திருக்க ஒன்றுமில்லை.

இந்த வரிசைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சீழ் கோத்திருந்தால், துர்நாற்றம் வந்தால், பாதம் வீங்கி, சிவப்பு மேலே ஏறினால், தோலை அழுத்தும்போது நறநறவென்று இருந்தால், காய்ச்சலோ குளிரோ வந்தால், சர்க்கரை திடீரென்று 350, 400 என்று எகிறினால், அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சீழைத் திறந்துவிட வேண்டும். ஆஞ்சியோவுக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது, ஒரு ராத்திரியில் பாதம் முழுவதும் போய்விடும். சீழை வெளியேற்றி, நோயாளி நிதானப்பட்ட அடுத்த சில நாட்களுக்குள் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். அந்த இரண்டாவது பாதியைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். சீழை எடுத்து, கட்டுப் போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கிருமி இல்லாமல் காய்ந்து கறுத்த விரல் வேறு விஷயம். அதைக் காயவைத்து அப்படியே வைத்திருந்து, ரத்த ஓட்டம் வந்த பிறகு நிதானமாக எடுக்கலாம். அப்போது எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் முதலில் பயந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல. ஆஞ்சியோகிராமில் செலுத்தும் அயோடின் மருந்து ஏற்கெனவே பலவீனமான கிட்னியைக் கொஞ்சம் தொந்தரவு செய்யலாம். அதனால் முதலில் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். ரத்தச் சோதனைகளைப் பார்ப்பார்கள். கிட்னி நன்றாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. குறைவாக இருந்தால் சலைன் ஏற்றி, மருந்தின் அளவைக் குறைத்து, டாப்லர் ஸ்கேனிலேயே அடைப்பின் இடத்தைக் குறித்துக்கொண்டு செய்வார்கள். தொடைப் பகுதிக்கு அயோடினுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தும் வழியும் உண்டு. மெட்ஃபார்மின் போடுகிறார் என்றால் எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கான ஊசி, மாத்திரை எதையும் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கிட்னிக்கு அவை செய்யும் கேடு பலருக்குத் தெரிவதில்லை. எந்த ஆபத்தையும் தனியாக எடை போடக் கூடாது. இந்தப் பக்கம் கிட்னி கொஞ்சம் குறையலாம் என்ற சாத்தியம். அந்தப் பக்கம் கால். கணுக்காலுக்கு மேலே காலை இழக்கும் சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. இதைச் சொந்தக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

காலில் உள்ள அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள். ஒன்று பலூன். மற்றொன்று பைபாஸ்.

பலூன் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்துவிட்டு, 0.014 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பியை எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அடைப்புக்குள் நுழைப்பார்கள். இந்த இடத்தில்தான் நேரம் போகும். சுண்ணாம்பு படிந்த குழாயில் கம்பி முட்டி நிற்கும். திருப்பி, பின்வாங்கி, வேறு கோணத்தில் மறுபடி போக வேண்டும். மேலிருந்து முடியாவிட்டால் பாதத்தில் உள்ள தமனியிலேயே ஊசி போட்டுக் கீழிருந்து மேலே ஏறுவதும் உண்டு. கம்பி தாண்டிவிட்டால் அதன் மேல் 2, 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீளமான பலூனைக் கொண்டுபோய் இரண்டு மூன்று நிமிடம் விரித்து வைப்பார்கள். பலூனைச் சுருக்கிவிட்டு மருந்தை மறுபடி செலுத்தும்போது, அதுவரை வெறுமையாக இருந்த பாதத்தில் கருப்புக் கோடு ஒன்று இறங்கிப் புண்ணைச் சுற்றி மங்கலாகப் படரும். அந்தப் படர்தல் தெரிந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். மேலே குழாய் திறந்தது மட்டும் போதாது, புண் இருக்கும் இடத்துக்கு ரத்தம் வந்து சேர வேண்டும். பாதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ரத்தம் கொடுக்கும் தமனி எது என்ற வரைபடத்துக்கு அடித்தளம் 1987இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர், பால்மர் ஆகியோர் போட்டது. புண் உள்ள பகுதிக்கு நேராகப் போகும் தமனியைத் திறக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பாதத்துக்குள் நல்ல இணைப்புகளுள்ள வேறொரு தமனியைத் திறந்தாலும் பலன் உண்டு.

குழாய் திறந்தே இருக்க உள்ளே வைக்கும் வலைக்குழாய்தான் ஸ்டென்ட். முழங்காலுக்குக் கீழே அதை வைப்பது அரிது. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தார்களே, காலுக்கு ஏன் வைக்கவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தக் குழாய்கள் நீளமானவை, மெல்லியவை, நடக்கும்போது அசைபவை. கரைந்துபோகும் ஸ்டென்ட் ஒன்றுக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் அது குட்டையான அடைப்புகளுக்குத்தான் பொருந்தும்.

இந்தச் சிகிச்சையே ஒரு பாதப் புண்ணிலிருந்துதான் பிறந்தது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 82 வயதுப் பாட்டி ஒருவருக்கு ஆறாத புண்ணும் அழுகிய விரல்களும் இருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள், அவர் மாட்டேன் என்றார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் தோல் வழியாகக் குழாய் நுழைத்துத் தொடையிலிருந்த சுருக்கத்தை விரித்தார். கால் சூடேறியது, புண் ஆறியது. அந்தப் பாட்டி இறக்கும்வரை தன் இரண்டு கால்களாலேயே நடந்தார். இதயத்துக்குப் பலூன் வந்தது அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்துத்தான்.

பைபாஸ் என்பது காலிலேயே இருக்கும் நீளமான மேல்சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்துப் புது வழி போடுவது. 1948இல் பாரிஸில் ழான் குன்லின் தொடங்கிவைத்தது. பெரிய ஆபரேஷன், மயக்கம் வேண்டும், நீளமான தையல்கள் ஆற வேண்டும், இதயம் தாங்க வேண்டும். எது சிறந்தது என்ற சண்டை பல வருடமாக நடக்கிறது. 2022இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில் 1,830 பேர் இருந்தார்கள். நல்ல சிரை உள்ளவர்களில், பெரிய மறுசிகிச்சை, கணுக்காலுக்கு மேல் காலிழப்பு, மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பைபாஸ் பக்கம் 42.6 சதவீதம், பலூன் பக்கம் 57.4 சதவீதம். பைபாஸ் ஜெயித்தது. அடுத்த வருடம் பிரிட்டன் தலைமையில் 345 பேரை வைத்து நடந்த பேசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புகளுக்குப் பெரிய காலிழப்போ மரணமோ பைபாஸ் பக்கம் 63 சதவீதம், பலூன் பக்கம் 53 சதவீதம். அங்கே பலூன் ஜெயித்தது. நான் இதைப் படிக்கும் விதம் இது: நல்ல சிரை இருந்து, இதயம் திடமாக இருந்து, நீளமான அடைப்பும் பெரிய புண்ணும் இருப்பவருக்குப் பைபாஸை முதலிலேயே யோசிக்க வேண்டும். வயதானவர், இதயம் பலவீனமானவர், அடைப்பு முழங்காலுக்குக் கீழே மட்டும் உள்ளவர் என்றால் பலூனில் தொடங்கலாம். நீங்கள் பார்க்கும் டாக்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே செய்பவராக இருந்தால், இரண்டையும் செய்யும் இடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கையில் இருப்பதைத்தான் எவரும் முதலில் நீட்டுவார்கள், அது மனித இயல்பு.

இனி, எல்லோரும் ஏமாந்துபோகும் கட்டம். பலூன் போட்டாயிற்று, கால் சூடாகிவிட்டது, வீட்டுக்கு வந்தாயிற்று. இரண்டு வாரம் கழித்து "புண் அப்படியேதானே இருக்கு?" என்று மனம் உடைகிறது. ரத்தம் வந்தது ஆறுவதற்கான வாய்ப்பு மட்டும்தான். செத்த சதையை டாக்டர் வாரா வாரம் செதுக்கி எடுக்க வேண்டும், எலும்பில் கிருமி இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும், புண்ணின் மேல் உடம்பின் எடை விழாமல் பார்க்க வேண்டும். ரத்த ஓட்டத்தைச் சரிசெய்த சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு வருட முடிவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் காலைத் தக்கவைத்திருந்தார்கள், 60 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குப் புண் ஆறியிருந்தது. ஒரு வருடம் என்பதைக் கவனியுங்கள். மாதக் கணக்கில் பொறுமை வேண்டிய வேலை இது. ஓட்டம் வந்த முதல் நாட்களில் பாதம் கொஞ்சம் வீங்குவதும், இதுவரை இல்லாத வலி விரலில் வருவதும் சகஜம். டாக்டர் சொல்லாமல், வீக்கம் வற்றட்டும் என்று நீங்களாக இறுக்கமான கிரேப் பேண்டேஜ் சுற்றாதீர்கள்.

எடை விழாமல் பார்ப்பதில் நம் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. மரத்துப்போன காலில் புண் ஆறாததற்குக் காரணம் மறுபடி மறுபடி அதே இடத்தில் மிதிப்பதுதான் என்பதை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் முதன்மையானவர் பால் பிராண்ட். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. பாதத்தோடு ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு எடையைப் பரப்பும் முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படவைத்தார். உள்ளங்காலில் புண் உள்ளவர்களுக்கு இன்றும் கழற்ற முடியாத அத்தகைய கட்டுதான் முதல் தேர்வு. ஆனால் ரத்த ஓட்டம் குறைந்த காலில் அதை யோசிக்காமல் போடக் கூடாது. அப்பாவுக்குப் புண் சுண்டுவிரல் ஓரத்தில் என்பதால், முன்பகுதி திறந்த செருப்பும் புண்ணுக்குப் பக்கத்தில் உரசாத அமைப்பும் போதுமா என்று கேளுங்கள். ஆறிய பிறகு மெத்தென்ற ரப்பர் அடித்தளமுள்ள எம்.சி.ஆர். செருப்பு, வீட்டுக்குள்ளும்.

திறந்த குழாய் திறந்தே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே பலூன் போட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் மறுபடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 73 சதவீதக் குழாய்கள் திரும்பச் சுருங்கியிருந்தன. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அந்த மூன்று நான்கு மாத அவகாசத்தில் புண் ஆறிவிட்டால், அப்புறம் குறைந்த ரத்தமே அந்தத் தோலுக்குப் போதுமானதாக இருக்கலாம். அதனால்தான் ரத்தம் வந்த உடனே புண் வேலையைத் தீவிரமாகச் செய்ய வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். நன்றாக ஆறி வந்த புண் திடீரென்று நின்றுவிட்டால், சதையின் சிவப்பு மங்கினால், கட்டு மாற்றுவதோடு நிறுத்தாமல் டாப்லரும் விரல் அழுத்தமும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை பலூன் போடுவது தோல்வி இல்லை.

மருந்துகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ ஒன்று கட்டாயம். ரத்தக் கசிவு ஆபத்து குறைந்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் ரிவராக்சபான் 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை சேர்ப்பதையும் யோசிப்பார்கள். ஸ்டேட்டின் கட்டாயம், கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே வர வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 8க்குக் கீழே. பிளோசின் என்று முடியும் சர்க்கரை மாத்திரைகளைக் காலில் புண் இருக்கும்போது புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பது 2023 வழிகாட்டுதல். ஏற்கெனவே போடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், இதயத்துக்காகவும் அதைக் கொடுத்திருப்பார்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அது நின்றே ஆக வேண்டும். புகைத்துக்கொண்டே பலூன் போட்டுக்கொள்வது பணத்தைத் தண்ணீரில் கொட்டுவது.

ஆஞ்சியோ பார்த்த பிறகும் பாதத்தில் திறக்க ஒரு தமனிகூட இல்லை என்று சிலருக்கு வரும். அவர்களுக்குத் தமனி ரத்தத்தைச் சிரை வழியாகவே பாதத்துக்குத் திருப்பிவிடும் முறை ஒன்று வந்திருக்கிறது. 105 பேருக்குச் செய்த பிராமிஸ்-2 ஆய்வில் ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பேர் காலோடு உயிர் வாழ்ந்தார்கள். 2023இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஸ்டெம் செல் ஊசி இந்தியாவிலும் அனுமதி பெற்றது உண்டு, ஆனால் திறக்க முடிந்த குழாயைத் திறக்காமல் அதை நாடுவது தவறு. உயர் அழுத்த ஆக்சிஜன் அறை துணைச் சிகிச்சை மட்டுமே. ஓசோன், 'ரத்தத்தைச் சுத்தம் செய்யும்' டிரிப் ஆகியவற்றுக்குச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் காலையும் காப்பாற்றக் கூடாது. பாதத்தின் பெரும்பகுதி அழுகி, குதிகாலும் போய், நோயாளி நடமாட்டமே இல்லாமல் படுக்கையில் இருந்தால், அல்லது கிருமி உயிரையே கேட்டால், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டு உயிரையும் வலியில்லாத நாட்களையும் காப்பதுதான் நல்ல வைத்தியம். அப்போதுகூட எந்த மட்டத்தில் எடுத்தால் ஆறும் என்பதைத் தீர்மானிக்க ரத்த ஓட்டத்தை அளந்தாக வேண்டும். உங்கள் அப்பா அந்த நிலையில் இல்லை. ஒரு விரல் நுனி கறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தக் குழாய் அறுவைத் துறை தனியாகவே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 'வாஸ்குலர் சர்ஜன்' இருக்கும் நாளைக் கேட்டுப் போகலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், தனியார் மருத்துவமனையில் சேர்க்கும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்திப்பு நாள் வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை: கறுத்த விரலை உலர்வாக வைத்திருங்கள், ஈரக்கட்டோ களிம்போ வேண்டாம். விரல்களுக்கு நடுவே மெல்லிய பஞ்சு வையுங்கள். வெந்நீரில் காலை ஊறவைப்பது, ஒத்தடம், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவது, கறுத்த தோலைப் பிளேடால் சீவுவது எதுவும் கூடாது. மரத்த காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது, ரத்தம் குறைந்த தோல் அந்தச் சூட்டைத் தாங்காது. கட்டிலில் படுக்கும்போது குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள், இல்லையென்றால் அங்கே இரண்டாவது புண் வரும். மற்ற காலையும் தினம் ஒருமுறை விரல் இடுக்கு முதல் குதிகால் வரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், அந்தக் காலிலும் அதே குழாய்கள்தான். நாளை டாக்டரிடம் போகும்போது கேட்க வேண்டியவை நான்குதான்: அப்பாவின் கால் விரல் அழுத்தம் எவ்வளவு, எந்தக் குழாயில் அடைப்பு, அதைத் திறப்பவர் யார், எந்தத் தேதியில். பதில்களை அந்த டாக்டர் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.